குடுமி வெங்காயத்தின் மூன்றாவது வகையறா

நாகஜோதி இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பேருந்து எப்போதும் நிற்கும் என்று சொல்ல முடியாது. திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகும் சாலையில் அவள் வேலை பார்க்கும் தாவர ஆராய்ச்சி நிலையம் ஒதுங்கி இருந்தது. வேறு யாராவது அங்கே இறங்கினால் அவர்கள் பின்னாலேயே அவளும் இறங்கிவிடுவாள். யாரும் இறங்காத நாளில், "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல், சின்னாளப்பட்டி வரைக்கும் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவாள். நடத்துநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவள் மாறவில்லை.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். வீட்டில் சமைக்க ஆளில்லை என்று சில வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா எழுந்து நடமாடிய பிறகு திரும்பப் போயிருக்கலாம். ஆனால் தலைமையாசிரியரிடம் போய், "சார், நான் வந்துட்டேன், சேத்துக்கங்க" என்று கேட்க வேண்டும். சில காலைகள் பள்ளிக்கூடத்து வாசல் வரை போய் நின்றாள். யாராவது பார்த்து, "என்ன இங்க நிக்கிற, உள்ள வா" என்று சொல்வார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. அதோடு படிப்பு முடிந்தது.

இப்போது அவளுக்கு நாற்பதுக்கு மேல். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் தரையையே பார்த்தபடி இருந்ததால், ஊமையோ என்று சந்தேகப்பட்டுப் போனவர்களும் உண்டு. அம்மா இறந்துவிட்டாள். தம்பி பெருமாள்சாமி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கு அங்கேயே குடும்பம். நாகஜோதி மட்டும் திண்டுக்கல்லில் ஒரு லைன் வீட்டில், மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் நல்லவர்கள்தான். அவள் இருப்பதையே மறந்து மாடிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்போதும் அவள் தட்ட மாட்டாள். யாராவது துணி எடுக்க வரும்வரை காத்திருப்பாள்.

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவதும். அதிகம் பேச வேண்டாத வேலை. துறைத் தலைவர் கஸ்பார் சார் மட்டும் போகிறபோக்கில் சத்தமாக ஏதாவது கேட்பார். பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். அது அவளுக்கு வசதியாக இருந்தது.

அங்கே இளவேனில் என்றொரு பெண் வந்து சேர்ந்தாள். தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள். அவளுடைய ஆராய்ச்சி வெங்காயம். நாம் சமைக்கிற வெங்காயத்துக்கும் மலைகளில் தானாக முளைக்கிற காட்டு வெங்காயங்களுக்கும் என்ன உறவு, எது எதன் வழியில் வந்தது என்று டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிப்பது. எங்கெங்கிருந்தோ விதையும் கிழங்கும் வரவழைத்துத் தொட்டிகளில் வளர்த்தாள். திண்டுக்கல் சின்ன வெங்காயத்தை மட்டும் மண்டி வைத்திருக்கும் பேகம்பூர் ரஹ்மத்துல்லா பாய் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீர் ஊற்றும்போது நாகஜோதி ஒன்றைக் கவனித்தாள். அந்தத் தொட்டிகளில் இருந்த வெங்காயமெல்லாம் தாள் விட்டு, தண்டு நீட்டி, உச்சியில் பூப்பந்து வைத்தன. அவள் வீட்டு மாடியில், உடைந்த சிமெண்டுத் தொட்டியில் இருந்த வெங்காயம் அப்படியில்லை. அதன் தண்டு உச்சியில் பூவுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி வெங்காயங்கள் கொத்தாக முளைக்கும். அதனால் அம்மா அதைக் குடுமி வெங்காயம் என்பாள். விதையே வைக்காது. குடுமியிலிருந்து ஒன்றைப் பிய்த்து நட்டால்தான் அடுத்த செடி. அம்மாவுக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று நாகஜோதிக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டிருக்கலாம். நாகஜோதி கேட்கவில்லை.

அம்மா போன பிறகு, மாடியில் அவளைத் தவிர உயிருள்ளது என்று அது ஒன்றுதான் இருந்தது. வேலை முடிந்து போனால் முதலில் அதன் பக்கத்தில்தான் உட்காருவாள்.

ஒரு நாள் சாப்பாட்டுப் பையில் அதன் கன்று ஒன்றை வைத்து எடுத்துவந்து, தொட்டி வரிசையின் கடைசியில், காலியாக இருந்த தொட்டியில் நட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அது வேர் பிடித்து, தாள் விட்டு, குடுமியும் வைத்தது. அப்போதுதான் இளவேனில் அதைப் பார்த்தாள்.

"இது ஆருதுங்க? இதுக்குப் பேர்ச்சீட்டே இல்லையே?"

தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இல்லை இல்லை என்று தலையாட்டினார்கள். நாகஜோதி குழாயை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"எங்க வீட்டுல இருந்துச்சு," என்றாள்.

இளவேனில் மண்ணிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குடுமியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, என்னங்க்கா இது! இந்த மாதிரி ஒண்ணுக்காகத்தான் நான் ஊர் ஊரா எழுதிப் போட்டுட்டு இருக்கறேன். நீங்க பாட்டுக்குச் சோத்துப் பையில கொண்டாந்து வெச்சிருக்கீங்க!"

கஸ்பார் சார் வந்து பார்த்தார். "என்னம்மா நாகஜோதி, வெங்காயத்துக்குக் குடுமி வச்சிக் கூட்டியாந்திருக்க? பூணூலும் போட்டிருக்கா?" என்று சிரித்துவிட்டு, இளவேனிலிடம், "இது ஏதோ கலப்பு. கலந்தது யாரு யாருன்னு பாத்துரு," என்றார்.

அன்று முதல் குடுமி வெங்காயம் ஆராய்ச்சிக்குள் வந்துவிட்டது. நாகஜோதிக்கும் ஓர் ஆசை வந்துவிட்டது. அதன் சொந்தபந்தம் யாரென்று தன் கண்ணாலேயே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இத்தனை வருஷம் கூடவே இருந்த செடி. அதற்காவது யாராவது இருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். கேட்டால் காட்டியிருப்பார்கள். கேட்பது என்பதுதான் அவளிடம் இல்லாத ஒன்று.

வேர் நுனியை வெயில் ஏறும் நேரத்தில் கிள்ள வேண்டும். அப்போதுதான் அங்கே செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும். கிள்ளியதை ஐஸ் தண்ணீரில் போட்டால் எல்லாம் அந்தந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். பிறகு அதை மருந்தில் ஊறவைத்து, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் வைத்து, மேலே இன்னொரு மெல்லிய சில்லை மூடிக் கட்டைவிரலால் அழுத்தி நசுக்க வேண்டும். இளவேனில் இதையெல்லாம் பேசிக்கொண்டே செய்கிறவள். கேட்கிறவர்கள் பதில் சொல்கிறார்களா என்று பார்க்க மாட்டாள். நாகஜோதி குழாயடியில் சாமான் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"டிஎன்ஏங்கறது ரெண்டு இழை சேத்து முறுக்குன நூலாட்டங்க்கா. சூடு பண்ணினா ரெண்டும் பிரிஞ்சுக்கும். ஆறவிட்டா ஒவ்வொண்ணும் தன் ஜோடியத் தேடும். அந்த நேரம் பாத்து, வேற ஒரு செடியோட டிஎன்ஏவத் துண்டு துண்டாக்கி, வெளிச்சம் காட்டற மாதிரி அடையாளம் போட்டு உள்ள விட்டுருவோம். இந்தச் செடிக்குள்ள அதுக்குச் சொந்தம் இருந்தா அங்க போயி ஒட்டிக்கும். இல்லீன்னா கழுவறப்போ போயிரும்."

கழுவினால் போகாதது சொந்தம். நாகஜோதி அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தூரத்துச் சொந்தமென்றால்? கேட்க நினைத்தாள். அதற்குள் இளவேனிலே சொல்லிவிட்டாள்.

"இதுல ஒரு தொல்லை என்னன்னா, எல்லா வெங்காயத்துக்கும் பொதுவா இருக்கற சங்கதி நெறைய. அது போயி ஒட்டுச்சுன்னா எல்லாமே எரியும், ஆரு ஆருன்னு தெரியாது. அதுக்குத்தான் அடையாளம் போடாத டிஎன்ஏவ அள்ளி அள்ளிச் சேத்து ஊத்தறது. கல்யாணப் பந்தியாட்டம் வெச்சுக்கங்களே. பொதுச்சனமெல்லாம் மொதப் பந்தியிலயே உக்காந்து எடத்த அடைச்சுக்கும். மீதி எடத்துல, பேர் சொல்லிக் கூப்பிட்ட சொந்தக்காரங்க மட்டுந்தான் உக்காருவாங்க."

பந்தியைச் சொன்னதும் நாகஜோதிக்கு விளங்கிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாதவர்கள் மண்டபத்தில் எங்கே நிற்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல நிற்பார்கள்.

முதலில் செய்தபோது எல்லாமே பச்சையாக எரிந்தது. அடுத்த முறை எதுவுமே எரியவில்லை. கழுவும் தண்ணீரின் சூடு கூடிவிட்டது என்று இளவேனில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு தடவை ஸ்லைடே உடைந்தது. மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு காலையில் இருட்டறைக்குள்ளிருந்து இளவேனிலின் குரல் தோட்டம் வரைக்கும் கேட்டது.

"சார்! கெடைச்சிருச்சுங்க சார்!"

இருட்டறை என்பது சன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்த சின்ன அறை. உள்ளே அந்தப் பெரிய மைக்ராஸ்கோப். கஸ்பார் சார் ஓட்டமும் நடையுமாகப் போனார். வெங்காயம் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்த ரஹ்மத்துல்லா பாயையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "பாய், நீங்க கொடுத்த வெங்காயம் என்ன வேலை பண்ணியிருக்குன்னு வந்து பாருங்க."

அவர்களுக்கு டீ கொண்டுபோகச் சொன்னார்கள். நாகஜோதி டீத் தம்ளர்களுடன் அறை வாசலில் போய் நின்றாள்.

பாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "மாஷா அல்லா! சந்தனக்கூடுக்குப் போடுற சீரியல் லைட்டாட்டம்ல இருக்கு! வெங்காயத்துக்குள்ள இம்புட்டு நடக்குதா? இனிமே மூட்டை வெலைய ஏத்தித்தான் சொல்லணும் போலயே."

"செகப்பா எரியுதுல்ல, அது உங்க சின்ன வெங்காயத்து வகையறா," என்றார் கஸ்பார் சார். "பச்சை இமயமலைப் பக்கத்துக் காட்டு வெங்காயம். தள்ளுங்க, நான் பாக்குறேன்."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு, தான் இளைஞராக இருந்தபோது முதன்முதலில் இப்படியொரு ஸ்லைடு பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அவருடைய சார் எப்படித் திட்டினார், மின்சாரம் எப்படிப் போயிற்று, மெழுகுவர்த்தியோடு எப்படி மாடியேறினார் என்று கதை நீண்டது. பாயும் தலையாட்டிக் கேட்டார்.

அந்த வெளிச்சம் ஒரு விசித்திரமான வெளிச்சம். விளக்கொளி பட்டால்தான் ஒளிரும். பட்டுக்கொண்டே இருந்தால் மங்கி அணைந்துவிடும். அணைந்தது மறுபடி எரியாது. அதனால் பார்க்காத நேரத்தில் விளக்குக்கு முன்னால் இருக்கும் சின்ன மூடியைத் தள்ளி ஒளியை மறைத்துவிட வேண்டும். இதைத் துறைக்கே சொல்லிக்கொடுத்தவர் கஸ்பார் சார்தான். சந்தோஷத்தில் அவரே மறந்துவிட்டார். மூடி திறந்தே இருந்தது. இளவேனிலின் கை ஒரு தடவை அந்த மூடிப் பக்கம் போனதையும், சாரின் கதைக்கு நடுவே கையை நீட்ட மனமில்லாமல் திரும்பி வந்ததையும் நாகஜோதி வாசலில் நின்று பார்த்தாள்.

கதை முடிந்ததும் சார் திரும்பினார். "அட, வெங்காயத்துக்குச் சொந்தக்காரி அங்க நிக்கிறா! வா நாகஜோதி, வந்து பாரு. ஒன் வெங்காயம்தான!"

பாய் டீத் தம்ளர்களை வாங்கிக்கொண்டார். நாகஜோதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்தாள். கண்ணை வைத்தாள்.

கறுப்பாக இருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தாள். எங்கோ ஆழத்தில் சாம்பல் பூத்ததுபோல ஏதோ இருந்தது, இல்லாமலும் இருந்தது. தன் கண்ணிமை அடித்துக்கொள்வதுதான் தெரிந்தது.

"தெரியுதா?" என்றார் சார்.

பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். சார் அத்தனை சந்தோஷமாக இருக்கிறார்.

"தெரியுது சார்."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பாத்தீங்களா பாய்! ஏழாங்கிளாஸ் படிச்ச பொம்பள. ஒரே பார்வையில புடிச்சிட்டா!" என்றார் சார். பாய் சிரித்தார். நாகஜோதி காலித் தம்ளர்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்தபோதுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. பார்க்காதவளாக இருந்தால் என்றைக்காவது வாயைத் திறந்து, எனக்கும் காட்டுங்கள் என்று கேட்டுவிடலாம். பார்த்துவிட்டேன் என்று சொன்னவள் எதைக் கேட்பாள்? எல்லோருக்கும் தெரிய அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. கிடைக்கவில்லை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போதாததற்கு, அதன்பிறகு யார் நிலையத்தைப் பார்க்க வந்தாலும் கஸ்பார் சார் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "இவங்க கொண்டாந்த வெங்காயம்தான். மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு, நல்லா இருக்குன்னு இவங்களே சொன்னாங்க." நாகஜோதி தலையாட்டினாள். ஒவ்வொரு தடவை தலையாட்டும்போதும் அந்தக் கறுப்பு இன்னும் கொஞ்சம் கெட்டியானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான்.

"என்னக்கா, விசேஷம் உண்டா?"

"ஒண்ணுமில்லப்பா." பிறகு அவளாகவே சொன்னாள். "நம்ம குடுமி வெங்காயம் இருக்குல்ல. அத ஆராய்ச்சி பண்ணுறாக."

"அது இன்னுமா இருக்கு? அந்த ஒடஞ்ச தொட்டியத் தூக்கிப் போடுக்கா. கொசு முட்டை வைக்கும்." உள்ளே பிள்ளைகள் கத்தும் சத்தம். "செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுறேன்," என்று வைத்துவிட்டான். அன்று கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

இளவேனிலுக்கு வேறொரு கவலை. குடுமி வெங்காயத்தின் செல்லில், டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோம்கள் எட்டெட்டாக மூன்று கூட்டம் இருந்தன. ஓர் எட்டு சின்ன வெங்காயத்துக்குச் சிவந்தது. இன்னோர் எட்டு இமயமலை வெங்காயத்துக்குப் பச்சையானது. மீதி எட்டு எதற்கும் அசையவில்லை. எல்லா டிஎன்ஏவிலும் ஏறும் நீலச் சாயம் ஒன்று உண்டு. அந்த நீலத்தோடு மட்டும் அவை நின்றன. பூண்டை வைத்துப் பார்த்தாள். தாள் வெங்காயத்தை வைத்துப் பார்த்தாள். கடிதம் எழுதி வெளிநாட்டுக் காட்டு வெங்காய விதைகளையும் வரவழைத்து முளைக்கவைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இருட்டறையிலிருந்து வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்த்தே நாகஜோதிக்குத் தெரிந்துவிடும். ஒட்டவில்லை.

இதற்குள் இளவேனிலுக்கு வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் போக வேண்டும். மிச்சமிருந்த நல்ல ஸ்லைடு ஒன்றே ஒன்று. அதைக் கறுப்புப் பெட்டியில் வைத்து, குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அங்கே இதைவிடப் பெரிய கேமரா இருக்கிறதாம். அங்கே போய்த்தான் அதைப் படம் பிடிக்க வேண்டும். அதுவரை திறக்கக் கூடாது.

நாகஜோதி தினமும் பேருந்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாள். 'அன்னைக்கு எனக்குச் சரியாத் தெரியல, இன்னொரு தடவை காட்டுறியளா.' அழகான வாக்கியம். வாசலில் நுழையும்வரை அப்படியே இருக்கும். இளவேனிலைப் பார்த்ததும், "தண்ணி ஊத்திட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள், ஊற்றுவதற்கு முன்பே ஊற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அதை மெய்யாக்க ஓடிப்போய் ஊற்றினாள்.

கடைசி நாளும் வந்தது. மத்தியானம் இளவேனில் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் அப்பா கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். நாகஜோதி கடைசிக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இளவேனில் பனிக்கட்டி போட்ட டப்பாவுக்குள் கறுப்புப் பெட்டியை வைக்கப்போனவள், கையில் வைத்தபடியே நின்றாள்.

"எல்லாம் கட்டிட்டேனுங்க்கா. இந்த நீல எட்டுதான் மனசுல நிக்குது. நீங்களும் அன்னைக்குப் பாத்தீங்கல்ல? நடுவுல, ஒதுங்கி, தனியா?"

பார்த்தேன் என்று சொன்னால் அதோடு முடிந்தது. பெட்டி டப்பாவுக்குள் போகும். டப்பா காருக்குள் போகும்.

நாகஜோதி கையிலிருந்த குடுவையைக் கவிழ்த்து வைத்தாள். அது சாய்ந்தது. நிமிர்த்தினாள்.

"நான் பாக்கல," என்றாள்.

"என்னங்க்கா?"

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியல. இருட்டாத்தான் இருந்துச்சு."

இளவேனில் திரும்பி அவளைப் பார்த்தாள். "ஏனுங்க்கா, அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!"

"சார் சந்தோசமா இருந்தாரு."

இளவேனிலுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. அந்தத் திறந்திருந்த மூடி அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தன் கையிலிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். நாகஜோதி அவள் பார்த்த இடத்தையே பார்த்தாள். சேர்த்து வைத்த அழகான வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

"எனக்கு அதப் பாக்கணும்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. உடனே, "முடியாதுன்னா வேணாம்," என்று சேர்த்தாள்.

ஒரே ஸ்லைடு. படம் இன்னும் எடுக்கவில்லை. இளவேனில் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்ததை நாகஜோதி பார்த்தாள். கேட்டது தப்பு என்று தோன்றியது. வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தாள்.

"ஒரு ஸ்லைடுல நல்ல செல்லு நாலஞ்சாச்சும் இருக்கும்," என்றாள் இளவேனில். "ஒண்ணு உங்களுக்கு. வாங்க்கா."

இருட்டறைக் கதவைச் சாத்தினார்கள். விளக்கு சூடேறும்வரை காத்திருந்தார்கள். இளவேனில் குனிந்து தேடினாள். ஓரத்தில் இருந்த ஒரு செல்லைக் கண்டுபிடித்து, உடனே மூடியைத் தள்ளி ஒளியை மறைத்துவிட்டு எழுந்தாள். நாகஜோதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"கண்ண வெச்சுக்கங்க. தெறக்கட்டுங்களா?"

"ம்."

மூடி விலகியது.

கறுப்பு நடுவில் அவை கிடந்தன. சீரியல் லைட்டு மாதிரி இல்லை. சின்னச் சின்னதாக ஒடித்துப் போட்ட குச்சிகள் மாதிரி இருந்தன. சில வளைந்து, சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து. சிவப்பை முதலில் பார்த்தாள். அது எங்கும் நிற்கிற, எல்லார் வீட்டுக் கூடையிலும் கிடக்கிற வெங்காயம். பச்சை, அவள் போகவே போகாத பனிமலை. இரண்டும் கலந்து கிடந்தன. அவற்றுக்கு இடையிலும் ஓரத்திலும் நீலம். அவள் மனதுக்குள் எண்ணினாள். இளவேனில் சொன்னது போலவே எட்டு. மற்றவற்றைப் போலவேதான் அவையும் இருந்தன. அதே கனம், அதே வளைவு. யாரும் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான்.

"அந்த நீலத்துக்கு ஆளே இல்லையா?" என்று கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இல்லாம எப்படிங்க்கா? ஒண்ணு எங்காச்சும் இருந்துதான் இது வந்திருக்கும். அது இப்போ இருக்குதா, அழிஞ்சுபோச்சான்னுதான் தெரியல. நான் கூப்பிட்டுப் பாத்ததுல அது இல்ல."

பச்சை மெல்ல மங்கத் தொடங்கியது. விடியும்போது தெருவிளக்கு வெளிறுவது போலிருந்தது. சிவப்பும் தளர்ந்தது. நீலம் மட்டும் அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோல் ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

"மூடிருங்க."

"இன்னும் இருக்குதுங்க்கா. பாருங்க, உங்களுக்குன்னுதான எடுத்தது."

"பாத்துட்டேன். மூடிருங்க."

மூடி விழுந்தது. இளவேனில் ஸ்லைடை எடுத்துக் கறுப்புப் பெட்டியில் வைத்தாள். வெளியே கார் ஹாரன் அடித்தது. அப்பா வந்துவிட்டார். விளக்கை அணைத்துவிட்டு அவசர அவசரமாகக் கிளம்பினாள். கதவருகில் நின்று, நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அங்கயும் தேடுவேனுங்க்கா. அது ஆருன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க," என்றாள் நாகஜோதி. தன் நம்பர் இளவேனிலிடம் இல்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது. இன்றைக்கு இரண்டாவது தடவையாகக் கேட்க வேண்டுமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "நம்பர் சொல்றேன், போட்டுக்கங்க," என்றாள். நின்று, நிதானமாகச் சொன்னாள். இளவேனில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். கார்க் கதவு சாத்தும் சத்தமும், அது சாலையில் ஏறிப் போகும் சத்தமும் கேட்டன.

மைக்ராஸ்கோப்புக்கு உறை போட வேண்டியது நாகஜோதியின் வேலை. ஆனால் அந்த விளக்கு லேசில் ஆறாது. சூட்டோடு மூடினால் உறை கருகிவிடும். அவள் விளக்குப் பெட்டியின்மேல் கை வைத்துப் பார்த்தாள். இன்னும் சுட்டது. கதவைத் திறந்து வெளியே போய்க் காத்திருக்கலாம். போகவில்லை. உறையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது.